முதல் மாத்திரைக்கு முன்



இந்த உரைக்குக் ‘கிராமப்புற மனநலம்’ என்று தலைப்பு வைத்துக்கொள்ளலாமா என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். அவ்வளவு பெரிய தலைப்பை ஒரு மணி நேரத்தில் பேசினால் பொதுவான நல்வார்த்தைகள்தான் மிஞ்சும். அதனால் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சைக்கோசிஸ் என்னும் கடும் மனநோய் ஒருவருக்குத் தொடங்குகிற நாளுக்கும், அதற்குரிய மாத்திரையை அவர் முதன்முதலாக விழுங்குகிற நாளுக்கும் இடையில் கிடக்கிற காலம். மருத்துவ ஆய்வாளர்கள் இதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை வாரங்களில் எழுதுகிற நாடுகள் இருக்கின்றன. நம் கிராமங்களில் அதை வருடங்களில் எழுத நேர்கிறது.

இங்கே இருக்கும் மாணவர்களுக்காக, சைக்கோசிஸ் பற்றி நாலு வரி. யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்கும். ஊரே சேர்ந்து தனக்கு எதிராகச் சதி செய்கிறது என்று நம்பிக்கை வரும். ஆதாரம் காட்டி மறுத்தால் அது கூடுமே தவிரக் குறையாது. பேச்சு கோவையில்லாமல் போகும். மனச்சிதைவு என்று நாம் சொல்கிற ஸ்கிசோஃப்ரினியா இந்த வகையில் முக்கியமானது. இருதுருவ நோயிலும், பிரசவத்தை ஒட்டியும், கஞ்சாவை ஒட்டியும்கூட சைக்கோசிஸ் வருவதுண்டு. பெரும்பாலும் 15 வயதுக்கும் 30க்கும் இடையில் தலைகாட்டும். படிப்பு முடிகிற, வேலை தேடுகிற, பெண் பார்க்கிற வயது அது.

ஒரு பையனைச் சொல்கிறேன். அவன் ஒரே ஆள் அல்ல. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் குடும்பங்கள் சொல்லக் கேட்ட பலவற்றைச் சேர்த்து, யாருடைய அடையாளமும் தெரியாதபடி நான் உருவாக்கிய ஆள்.

பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். பையன் திடீரென்று காலேஜ் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினான். பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் தன்னைப் பற்றியே செல்போனில் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள் என்றான். வீட்டில் டிவி போடக் கூடாது என்றான். ஜன்னலுக்குப் பழைய பேப்பரை ஒட்டினான். அம்மா ஆக்கிய சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பான். பெட்டிக்கடைக்குப் போய் உறை பிரிக்காத பிஸ்கட்டாகப் பார்த்து வாங்கித் தின்பான். “சோத்துல என்னத்தையோ கலக்குறேன்னு நெனைக்கிறான் சார். பெத்தவ கலப்பேனா?” என்று அந்த அம்மா கேட்டார்.

வீட்டார் என்ன செய்தார்கள்? முதலில் திட்டினார்கள். படிக்கப் பயந்துகொண்டு நடிக்கிறான் என்று அப்பா நினைத்தார். தாய்மாமன் வந்து, சேர்க்கை சரியில்லை என்றார். பிறகு கோடாங்கியிடம் குறி கேட்டார்கள். புளியமரத்தடியில் எதையோ மிதித்துவிட்டான் என்று பதில் வந்தது. உடுக்கடித்து, கறுப்புக் கயிறு கட்டி, கோழியும் அறுத்தாயிற்று. ஜோசியர் ஏழரைச் சனி என்றார். திருநள்ளாறு போய் வந்தார்கள். பக்கத்து டவுன் டாக்டர் சத்து ஊசி போட்டுத் தூக்க மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் தலைக்கு ஸ்கேன் எழுதினார். ஸ்கேனில் கோளாறு எதுவும் தெரியவில்லை. “ஒண்ணுமில்லேன்னு எழுதியே குடுத்துட்டாங்களே” என்று நிம்மதியோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. இரண்டு ஆடுகளை விற்றார்கள். ஒரு நாள் பையன் பக்கத்து வீட்டுக்காரர் மேல் கல்லெறிந்தான். ஊர் கூடியது. கையைக் கட்டி வேனில் ஏற்றினார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அவன் வந்து சேர்ந்தபோது இரண்டு வருடம் முடிந்திருந்தது.

இந்த இரண்டு வருடத்தில் அந்தக் குடும்பம் சும்மா இருந்ததா? கருத்தரங்குகளில் இதற்குப் பெயர் ‘விழிப்புணர்வின்மை’. எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்கறை இல்லாத குடும்பம் ஆட்டை விற்காது. போன இடத்திலெல்லாம் காசு கொடுத்தார்கள், சொன்னதையெல்லாம் செய்தார்கள். அவர்கள் ஏறி இறங்கிய வாசல்களில் இரண்டு, படித்த டாக்டர்களின் வாசல்கள். அங்கேயும் யாரும், இது இன்ன நோய், இன்ன இடத்துக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலத்துக்கு ஒதுக்கியிருக்கும் வாரங்களைப் பார்த்தால் அந்த டாக்டர்களை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

அலைச்சலுக்கு விலை உண்டு. டாக்டர் ஆர். சீனிவாசமூர்த்தி குழுவினர் கர்நாடகக் கிராமங்களில், சிகிச்சையில் இல்லாத 100 ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளைத் தேடிப்பிடித்து, ஒன்றரை ஆண்டு மருந்து கொடுத்துக் கண்காணித்தார்கள். ஆய்வு 2005இல் வெளிவந்தது. நோய்க்குறிகளும் முடக்கமும் குறைந்தன, அது எதிர்பார்த்ததுதான். என்னை நிறுத்திப் படிக்க வைத்தது செலவுக் கணக்கு. சிகிச்சைக்கு ஆன செலவை, அங்குமிங்கும் அலைந்த செலவும் வீட்டார் வேலையை விட்டுக் காவலிருந்த நேரமும் குறைந்தது ஈடுகட்டிவிட்டது. நோய்க்கான பணத்தைக் குடும்பங்கள் ஏற்கெனவே செலவழித்துக்கொண்டுதான் இருந்தன. அது போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

பெங்களூரின் நிமான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாக நடந்தது. சைக்கோசிஸ் உள்ளவர்களில் 75.5 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். கிராமம் என்றால் அப்படித்தான் என்று நகரத்தார் நினைக்க வேண்டாம். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். பத்மாவதி குழு 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிற அதே சென்னையில், கண்டறியப்பட்ட ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் அதுவரை எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள். ஆக, தூரம் ஒரு காரணம். அதுவே முழுக் காரணமில்லை.

அடுத்து, கோயில். தாமதத்துக்கெல்லாம் காரணம் கோயிலும் தர்காவும்தான் என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். திருச்சிப் பக்கம் குணசீலம், ராமநாதபுரத்தில் ஏர்வாடி, தூத்துக்குடி மாவட்டத்தில் புளியம்பட்டி அந்தோணியார் கோயில் என்று மூன்று மதத்துக்கும் இதில் பங்குண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. சங்கிலிக்கும் பிரம்படிக்கும் எந்தச் சமாதானமும் கிடையாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு சங்கிலியை அடியோடு தடை செய்கிறது.

ஆனால் சங்கிலி வேறு, கோயில் வேறு. ஆர். ரகுராம் குழுவினர் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைப் பார்த்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். நோய்க்குறி அளவையில் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைவு. அங்கே தனியாக எந்தச் சடங்கு சிகிச்சையும் இல்லை. அடிக்காமல், விரட்டாமல், ஆதரவாக இருக்கவிட்டார்கள், அவ்வளவுதான். தனக்குத்தானே பேசிக்கொள்பவரை ஒரு மண்டலம் வைத்துக்கொள்ள வேறு எந்த இடம் நம் ஊரில் இருக்கிறது? அந்த அளவுக்குக் கோயிலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 20 சதவீதம் போதாது என்பதும் உண்மை. ஏர்வாடியிலேயே பிற்பாடு ‘தவா-துவா’ என்று, மருந்தும் பிரார்த்தனையும் பக்கம் பக்கமாக நடக்கும் ஏற்பாடு வந்தது. தர்காவுக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்பாமல் அங்கேயே டாக்டரைப் பார்க்க வைக்கிறார்கள். கோடாங்கியை ஏளனம் செய்கிறவரைவிட, அவரிடம் போய் “உங்ககிட்ட வர்றவங்கள எங்ககிட்டயும் அனுப்புங்க அண்ணே” என்று கேட்கிற செவிலியரால் தாமதம் அதிகம் குறையும் என்பது என் கட்சி.

இதுவரை நான் சொன்னது சத்தம் போட்டவனின் கதை. கல்லெறிந்தான், வேன் வந்தது. கல்லெறியாதவர்கள் என்ன ஆகிறார்கள்?

கல்யாணமாகி ஒரு வருடத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்ட ஒரு பெண். கொல்லைப்புறத்துக் குந்தில் உட்கார்ந்திருப்பாள். தலை எண்ணெய் கண்டு வெகுகாலம். சிக்கு விழுந்து ஒரே திரியாகத் தொங்கும். தட்டில் போட்டுக் கொடுத்தால் தின்பாள், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டாள். உதடு மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். “அது பாட்டுக்கு இருக்கும் சார், யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது” என்பார் அண்ணி. அந்த அண்ணி கெட்டவர் இல்லை. மூன்று வேளையும் சோறு போடுகிறவர் அவர்தான். தொந்தரவு இல்லை என்பதே நோய் இல்லை என்பதற்கு அளவுகோலாகிவிட்ட ஊரில் அவரும் இருக்கிறார். அந்தப் பெண்ணை யாரும் எந்த வாசலுக்கும் கூட்டிப் போகவில்லை, கோடாங்கியிடம்கூட.

ஒருவரால் மற்றவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்பதைப் பொறுத்தே அவருக்குச் சிகிச்சை சீக்கிரமாகவோ தாமதமாகவோ கிடைக்கிறது. இன்று உங்கள் முன் நான் வைக்க வந்தது இந்த ஒரு செய்திதான். ஆடு மேய்க்கப் போய்ப் பேசாமல் திரும்பி வருகிறவன், களத்து வேலையில் முகம் நிமிராமல் நிற்கிறவன், அடுப்படி மூலையைவிட்டு வராதவள், இவர்கள் யாரும் எந்தப் புறநோயாளி வரிசையிலும் நிற்பதில்லை. நகரத்து அலுவலகத்தில் நாலு நாளில் கண்ணில் பட்டுவிடுகிற முடக்கம், கிராமத்துக் கூட்டு வேலைக்குள் பல வருடம் மறைந்து கிடக்கும். கணவனைப் பிரிந்த இத்தகைய பெண்களைப் பற்றி டாக்டர் ஆர். தாரா குழு 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இது இரட்டைப் பாதிப்பா என்று அதன் தலைப்பே கேட்கிறது. நோய் ஒன்று, வாழாமல் வந்துவிட்டவள் என்ற பேச்சு இன்னொன்று. கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தவர்களும் இதே உறவினர்கள்தான் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை.

படித்தவர்களுக்கு இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. வளரும் நாடுகளில் ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஆய்வுகள் சொல்லின. ஆக்ரா அதில் ஒரு மையம். நம் கூட்டுக் குடும்பத்தின் பெருமை என்று நாமும் மேடைகளில் பேசினோம். 2008இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், தாரா, குரேஜே ஆகியோர் பல நாடுகளின் ஆய்வுகளை மறுபடி புரட்டிப் பார்த்து, இதை மறுக்க முடியாத உண்மைபோல் திரும்பத் திரும்பச் சொல்வது சரியில்லை என்று எழுதினார்கள். குடும்பம் துணை நிற்பதில் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல்முறை சைக்கோசிஸ் வந்தவர்களைச் சென்னையிலும் மான்ட்ரியாலிலும் ஒரே மாதிரிச் சிகிச்சையில் வைத்து இரண்டு ஆண்டு ஒப்பிட்டார்கள். 2020இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஒதுங்கிப் போதல், ஊக்கமிழத்தல் போன்ற குறிகளில் சென்னைக்காரர்களின் நிலை மேலாக இருந்தது. குடும்பத்தின் பங்கு அதில் பெரிது. கவனியுங்கள், அங்கே மருந்தும் இருந்தது.

சீக்கிரம் மருந்து கொடுத்தால் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? உண்டு. ஆனால் மிகைப்படுத்த வேண்டாம். தாமதம் கூடக்கூடத் தேறுவது கடினமாகிறது என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளின் தொகுப்புகள் சொல்கின்றன. அந்தத் தொடர்பு மிதமானது. மெல்ல மெல்ல வருகிற நோய் தாமதமாகவே கண்ணில் படும், அதே நோய் மருந்துக்கும் மெதுவாகவே பணியும். எது காரணம், எது விளைவு என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாலிடெக்னிக்கை விட்டு நின்ற பையனுக்குப் போன இரண்டு வருடத்தை எந்த மாத்திரையும் திருப்பித் தராது என்பதற்குப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை.

தாமதத்தைக் குறைக்க முடியும் என்று செய்து காட்டியவர்கள் நார்வேக்காரர்கள். ரோகலாண்ட் வட்டாரத்தில் 1997 முதல் நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தார்கள், பள்ளி ஆசிரியர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும் பயிற்சி தந்தார்கள், யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று ஒரு குழுவை அமர்த்தினார்கள். அந்த வட்டாரத்தில் தாமதத்தின் இடைநிலை அளவு 5 வாரம். பிரசாரம் நடக்காத பகுதிகளில் 16 வாரம். பிறகு விளம்பரத்தை நிறுத்தினார்கள். தாமதம் மறுபடி 15 வாரத்துக்கு ஏறியது. அக்டோபர் 10 உலக மனநல நாள் அன்று பேரணி நடத்தி, மறுநாள் பதாகையைச் சுருட்டி வைக்கிற நமக்கு இந்தக் கடைசி எண் முக்கியம்.

நார்வேயில் கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இருந்தது. இங்கே ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களும் பெருநகரங்களில்தான் அதிகம். 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதலில் வந்த நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இன்று மாநிலம் முழுக்க அந்தத் திட்டம் இருக்கிறது. இருந்தும் அந்தப் பாலிடெக்னிக் பையனுடைய அம்மாவின் ஒரு நாளைப் பாருங்கள். மாத்திரை வாங்க இரண்டு பஸ் மாற வேண்டும். நூறு நாள் வேலையில் அன்றைய கூலி போச்சு. ஒரு மணிக்குள் சீட்டு போடவில்லையென்றால் அடுத்த வாரம். அலைந்து வாங்கிய மாத்திரையில் பையனுக்கு வாய் கோணி, எச்சில் ஒழுகி, “ஆளே மரக்கட்டையா ஆயிட்டான்” என்று அக்கம்பக்கம் சொன்னால் எந்தத் தாயும் மாத்திரையை நிறுத்திவிடுவாள். பக்கவிளைவைச் சரிசெய்ய இன்னொரு மாத்திரை உண்டு, அளவையும் குறைக்கலாம் என்று சொல்ல அந்த வாரமே யாராவது வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். முதல் மாத்திரைக்கு இரண்டு வருடம் ஆன குடும்பம், இப்படி நிறுத்திவிட்டால் அடுத்த மாத்திரைக்கு இன்னும் எத்தனை வருடம் எடுத்துக்கொள்ளும்?

சட்டத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அத்தியாவசிய மனநல மருந்துகள் எல்லா நாளும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2017 சட்டத்தின் 18ஆவது பிரிவு சொல்கிறது. சமுதாய சுகாதார மையத்திலிருந்து மேல்நோக்கி என்றுதான் சொல்கிறது. அதற்குக் கீழே, கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தை அந்த வரி தொடவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாததை மாநிலம் செய்யக் கூடாது என்று எந்தத் தடையும் இல்லை.

செய்ய முடியும் என்பதற்கு இங்கேயே சான்றுகள் உண்டு. கர்நாடகத்தின் தீர்த்தஹள்ளி தாலுகாவில் 2005 முதல் நிமான்ஸ் குழு, தாலுகா முழுக்க உள்ள ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளைச் சுகாதாரப் பணியாளர்கள் மூலம் தேடிப் பிடித்து உள்ளூரிலேயே மருத்துவம் பார்த்தது. புதுக்கோட்டையில் ஸ்கார்ஃப் ஒரு பஸ்ஸையே மருத்துவமனையாக்கியது. பஸ்ஸுக்குள் ஒரு திரை, திரையில் சென்னையிலிருந்து பேசும் டாக்டர், பக்கத்திலேயே மருந்து அலமாரி. அந்தத் திரையைப் பற்றி எல்லோரும் வியந்து எழுதினார்கள். என்னைக் கேட்டால் பாராட்ட வேண்டியது அந்த அலமாரியை. பேசி முடித்த கையோடு மாத்திரை கையில் கிடைத்தது.

அதனால் என் வேண்டுகோள் சிறியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சைக்கோசிஸ் மாத்திரைகளான ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், மாதம் ஒரு முறை போடுகிற ஃபுளூஃபெனசின் ஊசி, பக்கவிளைவுக்கான டிரைஹெக்ஸிபெனிடில் ஆகியவை எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. டாக்டர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த மனநோய் மாத்திரைகளும் அதே பையில் தவறாமல் போக வேண்டும். 14416 என்ற இலவச எண்ணில் இருபத்து நாலு மணி நேரமும் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது. ரேஷன் கடைச் சுவரில் அதை எழுதி வையுங்கள். கல்லெறிகிறவனின் வீட்டார் கூப்பிடுவார்கள்.

குந்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காக யாரும் கூப்பிட மாட்டார்கள். அவளை நாம்தான் தேடிப் போக வேண்டும். கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போகிறார். கர்ப்பிணி உண்டா, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். ‘முன்பு நன்றாக இருந்து இப்போது வெளியே வராமல், யாரோடும் பேசாமல் இருக்கிறவர் யாராவது இந்த வீட்டில் உண்டா?’ என்ற ஒரு கேள்வியை அந்தப் பதிவேட்டில் சேருங்கள். உண்டு என்று பதில் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். அதில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர்கள் சிலர் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கிறீர்கள், உங்களிடம்தான் கேட்கிறேன்.